தாரை வார்க்க யார் உட்காருவது

என் கொழுந்தனாரின் மனைவி மதுரை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் காபி குடிப்பாள். ராஜபாளையத்தில் பஸ் நின்றால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு டீ வாங்குவாள். மதுரையில் இறங்கி, சேலைக்கடைக்குள் நுழைந்து, எல்லா மாடியும் ஏறி இறங்கி, ஓட்டலுக்குப் போன பிறகுதான், "அக்கா, இங்கன பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பாள். அதுவும் கை கழுவ. பக்கத்திலேயே இருந்து இதைப் பார்த்தவள் நான். அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம், அவள் கழுத்தில் புதிதாக ஒரு ஆரத்தைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றின் மேல் பொறாமை. அடுத்த வீட்டுக்காரியின் நகை, எதிர்வீட்டு மாடி, துபாயில் இருக்கும் பிள்ளை. எனக்கு இன்னொருத்தியின் மூத்திரப்பையின் மேல் பொறாமை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு வாரம் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு சிரிக்கட்டும்.

நாற்பது வயதை ஒட்டி எனக்கு இது தொடங்கியது. முதலில் நீர்க்கடுப்பு என்றுதான் நினைத்தேன். தென்காசியில் நீர்க்கடுப்பு என்று சொன்னால் போதும், எல்லாரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். "சூடு" என்பார்கள். வெந்தயத்தை முழுங்கு, இளநீர் குடி, தொப்புளில் விளக்கெண்ணெய் வை. "சாரல் விழுதுல்லா, அருவியில போயித் தலையக் காட்டு, எல்லாச் சூடும் எறங்கிரும்." எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சம்பழ ஜூஸ். என் கணவரின் அக்கா, வடகரையில் இருக்கிற மதினி, சொந்தத் தோட்டத்து எலுமிச்சையைப் பை பையாகக் கொடுத்தனுப்பினாள். நானும் தினமும் பிழிந்து குடித்தேன். குடிக்கக் குடிக்க வலி ஏறியது. ஏற ஏற, சூடு இன்னும் இறங்கவில்லை என்று இன்னொரு பழத்தைப் பிழிந்தேன். அந்த எலுமிச்சைதான் என் புண்ணில் ஊற்றிய ஆசிட் என்று தெரிய வருவதற்குள் வருஷங்கள் போய்விட்டன.

லேபில் கொடுத்தால் கிருமி இல்லை என்று வரும். இருந்தாலும் மாத்திரை எழுதுவார்கள். ஒரு டாக்டர், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா? நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டார். வலியில் தூங்கவில்லை என்றேன். தூங்காததால்தான் வலி என்றார். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா குழாய் வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கிருமி இல்லம்மா. பையோட உள்சுவர் கெட்டுப் போயிருக்கு. மூத்திரம் சேரச் சேர அந்தச் சுவர்ல எரிச்சலும் வலியும் வரும். போனா கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி சேரும். இது ஒங்க மனசுல இல்ல, பையில இருக்கு." அந்தக் கடைசி வார்த்தைக்காக அவர் மேஜை முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். "முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வச்சு வாழலாம்," என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வாழ்வது எப்படி என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். பயந்துபோய்த் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். அது தப்பு, மூத்திரம் கெட்டியானால் இன்னும் காந்தும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். காபி, டீ, புளி, தக்காளி, எலுமிச்சை, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தக்காளி கொஞ்சம் ஒத்துக்கொண்டது. புளியும் எலுமிச்சையும் ஒத்துக்கொள்ளவே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்துவிட்டுப் புளி இல்லாமல் சாப்பிடுவது என்ன பிழைப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். முட்டிக்கொண்டு வரும்போது ஓடாமல், உடம்பைத் தளர விட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துப் போகப் பழக வேண்டும். நல்ல நாட்களும் இருந்தன. சில வாரங்கள் அது இருப்பதே தெரியாது. பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல் கிளம்பி, பள்ளிக்கூடத்தில் பின்னத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வைக்கும். கணக்கு டீச்சர் நான்.

பொறாமை சும்மா வரவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதுதான் என் வலி உச்சத்தில் இருந்தது. ஆனியும் ஆடியும் வந்தால் தென்காசிப் பிள்ளைகள் வீட்டில் இருக்குமா? மலையில் மேகம் இறங்கினாலே, "அம்மா, ஐந்தருவி போவமா?" என்று நிற்பாள். அந்தக் குளிரும், நனைந்த சேலையும், கட்டணக் கழிப்பிடத்து வரிசையும் எனக்கு ஆகாது. "சித்தி கூடப் போ," என்பேன். சித்தி கூடப் போவாள். கொழுந்தனார் மனைவிக்கு இரண்டும் பையன்கள். நடுவில் என் மகளைக் கையைப் பிடித்துக்கொண்டு அருவியில் நிற்பாள். எங்கள் வீட்டில் இருக்கிற குற்றாலம் போட்டோக்களில் ஒன்றில்கூட நான் இல்லை. பெரிய மனுஷி ஆனபோது பாவாடை தாவணி எடுக்கத் திருநெல்வேலிக்குப் போனது சித்தி. காலேஜில் சேர்க்கும்போது மதுரைக்குக் கூடப் போனது சித்தி. "சித்தி சூப்பராச் செலக்ட் பண்ணுதாங்கம்மா," என்று மகள் வந்து சொல்லும்போது, நன்றாகத்தான் இருக்கிறது என்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும். எனக்கு வந்த வியாதி எனக்குப் போகட்டும், என் பிள்ளையையும் சேர்த்து அவளிடம் தூக்கிக் கொடுக்க வேண்டுமா?

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் சிவகிரி. ஆனியில் முகூர்த்தம், தென்காசியில் மண்டபம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வடகரையிலிருந்து வந்து இறங்கினாள். ஹாலில் நடுவே உட்கார்ந்து, எல்லாரும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"தாரை வாக்க யாரு உக்காருதா?"

"யாரு உக்காருவா மதினி? நாங்கதான்," என்றேன்.

"ஒனக்கு முடியுமாட்டி? மணையில உக்காந்துட்டு நடுவுல எந்திச்சுப் போனா சவையில என்ன நெனைப்பாவ? சகுனம்னு ஒண்ணு இருக்குல்லா. சின்னவனும் அவன் பொண்டாட்டியும் உக்காரட்டும். சித்தப்பன் சித்தி உக்காருதது நம்ம பக்கத்துல இல்லாத வழக்கமா?"

வழக்கம்தான். அம்மா இல்லாத பெண்ணுக்கு, அப்பா இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து, பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்துக் கொடுப்பார்கள். நான் உயிரோடு குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். கொழுந்தனார் மனைவியைப் பார்த்தேன். வேண்டாம் மதினி, அக்காவே உட்காரட்டும் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு போன் போட்டேன். அவள் சென்னையில் வேலையில் இருந்தாள். "நீதாம்மா உக்காரணும். இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றாள். மனசு குளிர்ந்தது. கொஞ்சம் விட்டு, "ஆனா ஒனக்கு ரொம்ப முடியலன்னா கஷ்டப்படாத என்ன? சித்தி இருக்காங்கல்லா," என்றாள். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். ஆனாலும் சித்தி இருக்காங்கல்லா என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"நான்தான் உக்காருவேன்," என்று மதினிக்கு போனில் சொன்னேன். "செத்தா வேணா அவ உக்காரட்டும்."

"நல்ல காரியத்துக்கு முன்னால பேசுத பேச்சாட்டி இது?" என்று வைத்துவிட்டாள்.

பாளையங்கோட்டைக்கு ஓடினேன். டாக்டரம்மா குழாய் வழியாகப் பைக்குள் மருந்து செலுத்தினார். வாரா வாரம் போய் ஏற்றிக்கொண்டேன். வயிற்றுக்குக் கீழே உள்ள தசைகளைத் தளர்த்தச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். "நீங்க பயந்து பயந்து இறுக்கிப் பிடிக்கீங்க. அதுவே வலிக்குது. மூச்ச விட்டுத் தளர்த்துங்க," என்று அவள் சொன்னாள். வீட்டில் பலகையைப் போட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், "யாரு கல்யாணம்?" என்று கேட்டார். அவரிடம் பேசுவதையே நான் நிறுத்தியிருந்தேன். வாயில் வைக்கிற ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் பை சொன்னபடி கேட்டது. ஒரு முழுச் சினிமாவை எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். கதை ஒன்றும் நினைவில் இல்லை, உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் என் பொறாமை எனக்கே வேட்டு வைத்தது.

சீசனில் தென்காசியில் கல்யாணம் வைத்தால் வருகிறவர்கள் பாதிப் பேர் அருவிக்காகத்தான் வருவார்கள். சிவகிரிச் சம்பந்தி வீட்டார் முந்தின நாள் காலையிலேயே வேனில் வந்துவிட்டார்கள். அவர்களைப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கொழுந்தனார் மனைவி போவதாக முடிவாகியிருந்தது. சம்பந்தியம்மாளும் அவளும் வேனில் ஏறிச் சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே சம்பந்தியையும் பிடித்துக்கொண்டாளா? விடுவேனா? நானும் ஏறினேன். "நீங்க எதுக்குக்கா? குளிரும். வீட்ல ஆயிரம் வேல கெடக்குல்லா," என்றாள் அவள். அப்படிச் சொன்னதால்தான் முன் சீட்டிலேயே போய் உட்கார்ந்தேன்.

குளிக்கவில்லை. கரையில் குடைக்கடியில் நின்றேன். எல்லாரும் குளித்து நடுங்கிக்கொண்டு வந்தவுடன் சம்பந்தியம்மாள் பெரிய தூக்குச்சட்டியைத் திறந்தார். விடியுமுன் எழுந்து கிளறிய புளியோதரை. நல்லெண்ணெய் மணம் தூக்கியது. முதல் தட்டை என்னிடம் நீட்டி, "மொதல்ல நீங்க வாங்கணும் மதினி. இனிமே நாம ஒரே வீடு," என்றார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி கையால் நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதுவும் முதல் தடவை, அதுவும் எல்லாரும் பார்க்க. வியாதியைச் சொல்லலாம் என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அது இன்னும் தெரியாது. நான் தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கொழுந்தனார் மனைவி நடுவில் கையை விட்டுத் தட்டை வாங்கிவிட்டாள். "எனக்குத்தான் பசி உயிர் போவுது மதினி, மொத தட்டு எனக்கு," என்று சிரித்தாள்.

அவள் என்னைக் காப்பாற்றத்தான் செய்தாள். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும், சம்பந்தியின் முதல் தட்டையும் அவள் வாங்கிக்கொண்டாள் என்பதைத்தான் என் கண் பார்த்தது. அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினேன். "எனக்குக் குடுத்தது, ஒனக்கு எதுக்குட்டி?" என்று சொல்லி, ஒரு பருக்கை விடாமல் தின்றேன். கூட ஊறுகாயும் தொட்டுக்கொண்டேன். சம்பந்தியம்மாளுக்கு ஒரே சந்தோஷம், இன்னொரு கரண்டி வைத்தார். அதையும் தின்றேன். கொழுந்தனார் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் திரும்பி வருவதற்குள் தொடங்கிவிட்டது. அன்றைய மீதியையும் இரவையும் விவரிக்கப் போவதில்லை. இந்த வியாதி உள்ளவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

மறுநாள் காலையில் மாத்திரையை விழுங்கி, பட்டைக் கட்டி, கடைசி நிமிஷம் வரை பாத்ரூமிலேயே இருந்துவிட்டு மணையில் போய் உட்கார்ந்தேன். மதினி முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொழுந்தனார் மனைவி, மாம்பழக் கலர் பட்டில். மூச்சை விட்டேன், தளர்த்தினேன். தசைகளைத் தளர்த்தலாம், புளியோதரையை என்ன செய்வது?

மாப்பிள்ளைக்குப் பாதபூஜை வந்தது. நான் தண்ணீர் ஊற்ற, என் கணவர் தாம்பாளத்தில் மாப்பிள்ளையின் கால்களைக் கழுவினார். தாம்பாளத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கிறதே, அது எனக்கு எமன். அடிவயிற்றில் கத்தியை வைத்துத் திருகினது போல் இருந்தது. கண் இருண்டது. இனி ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் மணையிலேயே மானம் போய்விடும் என்று தெரிந்தது. ஐயர் பக்கம் சாய்ந்து, "சாமி, நான் ஒரு நிமிஷம் எந்திச்சுப் போவணும்," என்றேன்.

அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமாப் போயிட்டு வாங்கம்மா. பொண்ணு இப்பம் கூறை மாத்தப் போவும். அது வார வரைக்கும் இங்கன ஒரு வேலையும் இல்ல."

அவ்வளவுதான். கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு பெண் மாற்றப் போவாள், திரும்பி வரும் வரை எல்லாரும் சும்மாதான் இருப்பார்கள். எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறோம்! மாதக்கணக்கில் மதினியும் நானும் போனில் கட்டிப் புரண்டோமே, எங்களில் ஒருத்திக்காவது ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? ஓடும்போதே எனக்கு மதினியையும் என்னையும் சேர்த்து அறைய வேண்டும் போல் இருந்தது.

போய்விட்டு உடனே வர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேளச் சத்தம் மாறியது கேட்டது. மகள் மேடைக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மேடையில் என் மணை காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் கொழுந்தனார் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தாரை வார்க்கிற செம்பு அவள் கையில். மதினி கீழேயிருந்து, "உக்காருட்டி, உக்காரு, நேரமாவுது," என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் உட்காரவும் இல்லை, இறங்கவும் இல்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மேடையேறி, "குடுட்டி," என்று கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அக்கா, நீங்களே உக்காருங்க. ஒரு கை மட்டும் நானும் பிடிச்சிக்கிடட்டுமா? எனக்கு ரெண்டும் பயலுவ. எனக்கு இது கெடைக்கவே கெடைக்காதுல்லா. அன்னைக்கு மதினி சொன்னப்ப வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்களப் பாத்தா எனக்கு எரியும்க்கா. எத்தன வருசமா எரியுது தெரியுமா?"

அவளுக்கு! காபியும் டீயும் குடித்துவிட்டு மதுரை வரை அசையாமல் போகிறவளுக்கு, அருவியில் என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, என்னைப் பார்த்து எரிந்திருக்கிறது. என் உடம்பு கூனிக்கொண்டு நின்றது, அடிவயிறு இன்னும் காந்தியது, ஆனால் எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எந்த மருந்தும் எனக்கு அப்படி வேலை செய்ததில்லை. அவள் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது. அவள் மேல் இரக்கப்பட எனக்கும் ஒரு வாய்ப்பு வந்ததே என்று பெருமையாகவும் இருந்தது.

"முடியாது," என்றேன்.

செம்பை வாங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். என் கணவர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஐயர் மந்திரம் சொன்னார். அவள் என் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது, மூச்சு என் தோளில் பட்டது. கையைக் கொஞ்சம் விலக்கியிருந்தால் அவள் விரல்களுக்கும் செம்பில் இடம் இருந்திருக்கும். வலி கொன்று தின்றது. நான் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் என் மகளின் கைமேல் விழுந்து ஓடியது. செம்பு காலியாகும் வரை நானே ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட அவளுக்கு விடவில்லை.